திருகோணமலையிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்கு: ஒரு நாள் நடை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை நகரம், கிண்ணியா, மூதூர், கந்தளாய் ஆகிய இடங்களிலிருந்து ஹோர்ட்டன் சமவெளிக்குப் புறப்படும் குடும்பங்களும் நண்பர்களும் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கடற்கரையில் வளர்ந்தவர்களுக்கு அந்த மலைச் சமவெளி முற்றிலும் புதிய நிலம். அதனால் மற்ற ஊர்க்காரர்களுக்குத் தேவைப்படாத சில விளக்கங்களும் இதில் இருக்கின்றன.

அது எப்படிப்பட்ட நடை? மலை ஏற வேண்டுமா?

ஏற வேண்டியதில்லை. கடல் மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கும் மேலே இருக்கும் சமவெளி வரை வாகனமே கொண்டுபோய் விடுகிறது. ஃபார் இன் என்ற பழைய விடுதிக் கட்டடத்தின் அருகே நடை தொடங்குகிறது. வெள்ளைக்காரர் காலத்தில் வேட்டைக்காரர்கள் தங்கிய அந்த வீடு இப்போது பார்வையாளர் நிலையமாக இருக்கிறது. அங்கிருந்து சின்ன உலக முடிவு, உலக முடிவு என்ற இரண்டு செங்குத்து மலை விளிம்புகள், பேக்கர் அருவி என்று சுற்றிக்கொண்டு தொடங்கிய இடத்துக்கே வந்து சேரும் வளையப் பாதை இது. மொத்தம் ஒன்பதரைக் கிலோமீற்றர் அளவில் வரும். நின்று பார்த்து நடந்தால் மூன்று முதல் நான்கு மணி நேரம் பிடிக்கும்.

பாதை பெரும்பாலும் மெல்லிய ஏற்ற இறக்கம்தான். ஆனால் செம்மண் அரித்துப் பள்ளமான இடங்களும், கற்களும் மர வேர்களும் துருத்தி நிற்கும் இடங்களும் உண்டு. பேக்கர் அருவிக்கு இறங்கும் துண்டு மட்டும் செங்குத்தானது. முழங்கால் வலி உள்ளவர்கள் அருவியடிக்கு இறங்காமல் மேலே காத்திருக்கலாம்.

உலக முடிவை மட்டும் பார்த்துவிட்டு வந்த வழியே திரும்பலாமா?

திரும்பலாம், பலர் அப்படித்தான் செய்கிறார்கள். படம் எடுத்ததும் வேலை முடிந்தது என்று அவசர அவசரமாக நடந்து வாகனத்தில் ஏறிவிடுகிறார்கள். அவர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையாகவே மனம் வருந்துகிறது. ஏனென்றால் இந்த இடத்தின் அருமை அந்த விளிம்பைவிட, அதற்குப் போகும் வழியில்தான் அதிகம் இருக்கிறது.

இரண்டு நிலங்கள் மாறி மாறி வரும் பாதை இது. ஒன்று பத்தனைப் புல்வெளி. ஈரமான கறுத்த மண்ணில் கொத்துக் கொத்தாக வளர்ந்த முரட்டுப் புல், நடுவே வளைந்து ஓடும் சிற்றோடைகள், ஓடைக் கரையில் குட்டை மூங்கில், அங்கொன்றும் இங்கொன்றுமாகக் காற்றில் முறுக்கேறி நிற்கும் ரோடோடென்ட்ரான் மரங்கள். அவை பூக்கும் காலத்தில் பச்சையும் பழுப்புமான வெளியில் சிவப்புக் கொத்துகள் தனித்துத் தெரியும். மற்றொன்று மேகக் காடு. புல்வெளியில் இருந்து சில அடிகள் எடுத்து வைத்ததும் வெளிச்சம் குறைந்துவிடும். மரங்கள் உயரமாக வளர்வதில்லை. கிளைகள் கோணலாகப் பரவி, உச்சிகள் குடைபோல் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். தண்டு முழுவதும் பாசி, பாசியின் மேல் சின்னஞ்சிறு ஆர்க்கிட் செடிகள், கிளையிலிருந்து நரைத்த தாடியாகத் தொங்கும் மரப்பாசி.

இந்தக் காடு மழைக்காக மட்டும் காத்திருப்பதில்லை. தவழ்ந்து வரும் பனிமூட்டம் இலையிலும் பாசியிலும் பட்டுத் துளியாகி மண்ணில் சொட்டுகிறது. மழையே பெய்யாத காலையிலும் மரத்தடி நனைந்திருப்பதைப் பார்க்கலாம். காட்டுக்குள் ஐந்து நிமிடம் பேசாமல் நின்றால் அந்தச் சொட்டும் ஓசை காதில் விழும். அதற்காகவாவது முழு வளையத்தையும் நடந்துவிட்டு வாருங்கள்.

காட்டின் அடியில் வளரும் குறிஞ்சிச் செடிகளைச் சிங்களத்தில் நெலு என்கிறார்கள். இவற்றில் சில வகைகள் ஏறக்குறைய பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றாகப் பூத்து மடிபவை.

எந்த மாதம் போவது நல்லது?

ஜனவரி முதல் மார்ச் வரை. பொங்கல் முடிந்த பிறகு ஒரு வார நாளாகப் பார்த்துப் போனால் இன்னும் நல்லது.

இதைச் சொல்லும்போது நம் ஊர்க்காரர்கள் சற்றுத் தயங்குவதுண்டு. நமக்கு வெயில் காலம் என்றால் மே முதல் ஆகஸ்ட் வரைதானே, அப்போது போனால் என்ன என்று கேட்பார்கள். அந்தக் காலத்தில் திருகோணமலையில் வீசும் கச்சான் காற்றை நினைத்துப் பாருங்கள். உடம்பை வறட்டும் அதே காற்றுத்தான், நம்மிடம் வருவதற்கு முன் மேற்குக் கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு மலையில் ஏறுகிறது. ஏறும்போது குளிர்ந்து, சுமந்த ஈரத்தை மலையில் மழையாக இறக்கிவிட்டு, மறுபக்கம் இறங்கும்போது காய்ந்து சூடாகி நம்மிடம் வந்து சேர்கிறது. ஆகவே இங்கே கச்சான் கடுமையாக வீசும் நாளில் அங்கே மழையும் பனிமூட்டமும் இருக்கும் என்று எதிர்பார்க்கலாம். ஆகஸ்ட் பாடசாலை விடுமுறையில் போகிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டே போக வேண்டும்.

ஏப்ரலில் நுவரெலியாவில் வசந்தகாலக் கூட்டம். தங்குமிட வாடகை ஏறிவிடும், பிற்பகலில் இடி மழையும் உண்டு. டிசம்பரில் வாடைக்காற்று மழை இரு பக்கமும் பெய்யும், மலைப்பாதையில் மண்சரிவு அபாயமும் சேர்ந்துகொள்ளும். நீண்ட வார இறுதிகளையும் போயா விடுமுறைகளையும் தவிர்த்துவிடுங்கள். அந்த நாட்களில் பாதையில் வரிசையாக நடக்க வேண்டியிருக்கும்.

காலை எத்தனை மணிக்கு நடக்கத் தொடங்க வேண்டும்?

வாயில் ஆறு மணிக்குத் திறக்கிறது. அப்போதே உள்ளே போய்விடுங்கள். பொழுது ஏற ஏற தெற்கே தாழ்நிலத்தின் வெப்பக் காற்று அந்தப் பெருஞ்சரிவில் மேலெழுந்து, ஒன்பது, பத்து மணியளவில் உலக முடிவை மூட்டத்தால் மறைத்துவிடும். இதனால்தான் முதலில் உலக முடிவுப் பக்கமாகவும் பிறகு அருவிப் பக்கமாகவும் சுற்ற வேண்டும் என்று சொல்கிறேன். பாதை பிரியும் இடத்தில் பெயர்ப்பலகை இருக்கிறது. அருவிக்கு மூட்டம் ஒரு தடையே இல்லை.

திருகோணமலையிலிருந்து எப்படிப் போவது?

வான் பிடித்துப் போவதே வசதி. ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, கம்பளை வழியாக நுவரெலியா சுமார் 250 கிலோமீற்றர். நிறுத்தி நிறுத்திப் போனால் பகல் முழுவதும் போய்விடும். நுவரெலியாவிலிருந்து பட்டிப்பொல வழியாகச் சமவெளிக்கு இன்னும் சுமார் 32 கிலோமீற்றர்.

பஸ்ஸில் போகிறவர்கள் கண்டிக்குப் போய், அங்கிருந்து நுவரெலியா பஸ் எடுக்க வேண்டும். சமவெளிக்கு நுவரெலியாவில் வாகனம் அமர்த்திக்கொள்ளலாம். ரயில் விருப்பம் உள்ளவர்கள் கண்டிக்கு அருகே பேராதனையில் மலையகப் பாதை ரயிலில் ஏறி, பட்டிப்பொலவிலோ ஓஹியாவிலோ இறங்கலாம். பட்டிப்பொல இலங்கையிலேயே மிக உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம். ஓஹியாவிலிருந்து ஃபார் இன் சுமார் 11 கிலோமீற்றர், முழுவதும் ஏற்றம். முச்சக்கர வண்டி அமர்த்திக்கொள்வது நல்லது. மண்சரிவினால் அந்த ரயில் பாதை தடைப்படுவது உண்டு. புறப்படும் முன் ரயில் நிலையத்தில் விசாரித்துவிடுங்கள்.

இரவு புறப்பட்டு விடியும்போது நேராக அங்கே போய் நடந்துவிட்டால் தங்கும் செலவு மிச்சம்தானே?

இதை ஒருபோதும் செய்யாதீர்கள். ஹபரணைக்கும் கந்தளாய்க்கும் இடையிலான வீதியில் இரவில் யானைகள் நிற்கும். இருட்டில் கறுத்த தார் வீதியில் கறுத்த யானை, முன்விளக்கு அதன்மேல் படும்வரை தெரியாது. அதைக் கடந்தாலும் கண்டிக்கு மேலே கொண்டை ஊசி வளைவுகளை அதிகாலையில் ஏறப்போவது இரவெல்லாம் கண் விழித்த சாரதி. அவருக்கும் ஒரு குடும்பம் இருக்கிறது. முதல் நாள் காலை புறப்பட்டு, மாலைக்குள் நுவரெலியாவிலோ பட்டிப்பொலவிலோ ஓஹியாவிலோ சேர்ந்து, சாரதிக்கும் ஒழுங்கான படுக்கை கொடுத்துத் தூங்க வையுங்கள். மறுநாள் நாலரை மணிக்கு எழுந்தால் போதும்.

குளிர் எவ்வளவு இருக்கும்? எங்களிடம் கம்பளி உடுப்பு எதுவும் இல்லையே?

ஆண்டின் சராசரி வெப்பநிலையே ஏறக்குறைய 13 பாகை செல்சியஸ். டிசம்பர் முதல் பெப்ரவரி வரை சில அதிகாலைகளில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும். சூரியன் ஏறியதும் உடம்பு சூடாகிவிடும், சட்டையைக் கழற்றத் தோன்றும். எனவே ஒரே கனத்த உடுப்பைவிட, ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக் கழற்றக்கூடிய இரண்டு மூன்று சட்டைகளே உதவும். ஒரு ஸ்வெட்டர், காதை மூடும் தொப்பி, காற்றைத் தடுக்கும் மழைச்சட்டை. இவற்றை நுவரெலியாக் கடைத்தெருவிலேயே மலிவாக வாங்கலாம்.

குளிர் இருக்கிறதே என்று வெயிலை மறந்துவிடாதீர்கள். அந்த உயரத்தில் வெயில் தோலைச் சீக்கிரம் சுட்டுவிடும். கடற்கரை வெயிலுக்குப் பழகிய நம் பிள்ளைகளுக்கும் முகம் கன்றிப்போகிறது.

காலுக்குப் பிடிமானம் உள்ள சப்பாத்து கட்டாயம். ரப்பர் செருப்போடு வந்து, ஈரச் செம்மண்ணில் வழுக்கி விழுந்து, பாதி வழியில் வெறுங்காலுடன் திரும்புகிறவர்களைப் பார்க்கலாம்.

சேலை, சாரம், அபாயா அணிந்து நடக்க முடியுமா?

அபாயா அணியும் சகோதரிகள் கீழே காற்சட்டையும் சப்பாத்தும் போட்டு, விளிம்பைக் கணுக்காலுக்கு மேலே நிற்கும்படி பார்த்துக்கொண்டால் சிரமமின்றி நடக்கலாம். சேலையும் சாரமும் அருவி இறக்கத்தில் காலில் தடுக்கும். சல்வார் நல்லது.

உணவு கொண்டுபோகலாமா? வாயிலில் பையைச் சோதிப்பார்கள் என்கிறார்களே?

கொண்டுபோகத்தான் வேண்டும், வளையப் பாதையில் கடை எதுவும் கிடையாது. ஆனால் பொலித்தீன் உள்ளே அனுமதி இல்லை. பையைத் திறந்து பார்த்து, பிஸ்கட் உறையைக் கழற்றிக் காகிதத்தில் சுற்றித் தருவார்கள், தண்ணீர்ப் போத்தலில் ஒட்டியிருக்கும் மெல்லிய தாளையும் உரித்து எடுப்பார்கள். இதைத் தொல்லை என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். காற்றில் பறக்கும் ஒரு பொலித்தீன் பையில் உப்பும் எண்ணெயும் மணந்தால் அங்கே மேயும் பெரிய மானான மரை அதைப் புல்லோடு சேர்த்து விழுங்கிவிடும்.

லஞ்ச் சீட் இல்லாமல் சோறு கட்டத் தெரியாது என்று ஒரு தலைமுறை வளர்ந்துவிட்டது. வாட்டிய வாழை இலையில் கட்டுங்கள், அல்லது எவர்சில்வர் டப்பாவில் எடுத்துச் செல்லுங்கள். ரொட்டியும் கட்டைச் சம்பலும் குளிரில் நன்றாகத் தாங்கும். புட்டு ஆறிக் காய்ந்து தொண்டையில் அடைக்கும், வாழைப்பழம் சேர்த்துப் பிசைந்து கொண்டுபோனால் பரவாயில்லை. தேநீருக்கு ஒரு ஃபிளாஸ்க் எடுத்துக்கொள்ளுங்கள். தோலும் இலையும் உட்பட எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

நம்முடைய மகாவலி அங்கேதான் தொடங்குகிறது என்பது உண்மையா?

உண்மை. எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான்.

ஹோர்ட்டன் சமவெளி மகாவலி, களனி, வளவை ஆகிய மூன்று பெரிய ஆறுகளுக்கும் நீர் கொடுக்கும் தலைநிலம். பஞ்சுபோல் நீரைப் பிடித்து வைத்திருக்கும் அந்தக் கறுத்த மண்ணும் பாசியும் மழையில்லாத மாதங்களிலும் மெல்ல மெல்லக் கசிய விடுகின்றன. இங்கே பிறக்கும் அக்ர ஓயா, கொத்மலை ஓயாவில் கலந்து மகாவலியைச் சேர்கிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் கடலைத் தொடுகிறது. வெருகல் ஆறும் அதன் கிளைதான்.

அதோடு முடியவில்லை. கண்டிக்கு அருகே பொல்கொல்லையில் திருப்பிவிடப்படும் மகாவலி நீர் அம்பன் கங்கைக்குப் போய், அங்கிருந்து எலஹெர, மின்னேரியா கால்வாய் வழியாகக் கந்தளாய்க் குளம் வரை வருகிறது. கந்தளாய் வயல்கள் குடிப்பதும், நகரத்துக் குழாய்களில் வருவதும் அந்தக் குளத்து நீரே. எனவே அந்தச் சமவெளியில் காலடி வைக்கும் திருகோணமலைக்காரர் தன் ஊர்த் தண்ணீர் தொடங்கும் இடத்தில்தான் நிற்கிறார்.

ஒரு திருத்தம் மட்டும் சொல்ல வேண்டும். வளையப் பாதையில் நீங்கள் காணும் பேக்கர் அருவியின் நீர் நமக்கு வருவதில்லை. அது பெலிஹுல் ஓயாவாகத் தெற்கே இறங்கி, வளவையில் சேர்ந்து, அம்பலாந்தோட்டைப் பக்கம் கடலுக்குப் போகிறது.

இந்த மேட்டுக் காடு இன்னும் மிஞ்சியிருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. கோப்பித் தோட்டங்களுக்காக மலைகள் மொட்டையடிக்கப்பட்ட காலத்தில், தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கரின் அறிவுரைப்படி 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளை வெட்டக் கூடாது என்று 1873 இல் ஆணை வந்தது. 1969 இல் இது இயற்கை ஒதுக்கிடமாகவும் 1988 இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. 2010 இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

ஓடையில் குளிக்கலாமா?

கூடாது. அருவியடியிலும் இறங்கக் கூடாது. நீர் மிகவும் குளிர்ந்தது, பாறை வழுக்கும், உயிர் போன இடங்கள் இவை.

எந்த விலங்குகளைப் பார்க்கலாம்? யானை, சிறுத்தை பயம் உண்டா?

யானை இப்போது அங்கே இல்லை. வெள்ளைக்கார வேட்டைக்காரர்கள் அவற்றைப் பெருமளவில் சுட்டுக் கொன்றார்கள். அருவிக்குப் பெயர் தந்த சாமுவேல் பேக்கரும் பேர்போன வேட்டைக்காரர்தான். சிறுத்தை இருக்கிறது, ஆனால் பகலில் கூட்டமாக நடப்பவர்கள் கண்ணில் படுவது அரிது.

மரையை நிச்சயமாகப் பார்க்கலாம். அதிகாலையில் புல்வெளியில் கூட்டமாக மேயும். வாகனத் தரிப்பிடத்தில் நிற்கும் சில ஆண் மரைகள் மனிதருக்குப் பழகி, பையை முகர்ந்துகொண்டு வரும். பாண் துண்டு நீட்டிப் படம் எடுக்க ஆசை வரும்தான். கொடுக்காதீர்கள். பழகிய மரைக்கும் கொம்பு கூர்மையானது. பிள்ளைகளை அருகில் விடாதீர்கள்.

மெதுவாக நடப்பவர்களுக்குச் சிறிய உயிர்கள் கிடைக்கும். மூக்கின் நுனியில் கொம்பு முளைத்த ஓணான் ஒன்று இந்த மலைகளுக்கே உரியது. மஞ்சள் காதுக் கொண்டைக்குருவியும் இலங்கைக்கு மட்டுமே சொந்தமானது. காட்டுக்குள் மந்தியின் கரகரத்த குரல் கேட்கும். குளிருக்கேற்றபடி அதன் உரோமம் நம் பக்கத்து மந்தியைவிட அடர்த்தியானது. பாதையோரத்தில் முள்ளும் மஞ்சள் பூவுமாக அழகாகத் தெரியும் ஒரு புதர் மட்டும் அந்நியம். ஐரோப்பாவிலிருந்து கொண்டுவரப்பட்டுப் புல்வெளியை ஆக்கிரமிக்கும் செடி அது. கிளையை ஒடித்து வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.

உலக முடிவில் நின்றால் என்ன தெரியும்? ஆபத்தானதா?

கோணேசர் மலையில் இராவணன் வெட்டின் விளிம்பில் நின்று கடலைப் பார்த்தவர்களுக்கு அடிவயிற்றில் ஒரு கூச்சம் வந்திருக்கும். இங்கே ஆழம் அதைவிடப் பல மடங்கு. சுமார் 870 மீற்றர் நேர்ச்சரிவு. தெளிந்த காலையில் தெற்கே உடவளவை நீர்த்தேக்கம் மின்னும். இன்னும் தெளிவாக இருந்தால் தெற்குக் கடலின் கோடும் தெரியும்.

எல்லாரும் தூரத்தையே பார்க்கிறார்கள். நேர் கீழே பாருங்கள் என்று நான் சொல்வேன். தேயிலைச் சரிவின் நடுவே சிறு சிறு கூரைகள் வரிசையாகத் தெரியும். அவை தோட்டத்து லயன் வீடுகள். தமிழகத்திலிருந்து அழைத்துவரப்பட்டு, இருநூறு ஆண்டுகளாக இந்த நாட்டின் தேயிலைக்கும் கோப்பிக்கும் உழைத்த மலையகத் தமிழர் அங்கே வாழ்கிறார்கள். நாம் காட்சி பார்க்கும் அதே நேரத்தில் அவர்கள் கொழுந்துக் கூடையோடு மலை ஏறிக்கொண்டிருப்பார்கள். உங்களை ஏற்றி வந்த சாரதியும், தேநீர் தந்த கடைக்காரரும் அவர்களில் ஒருவராக இருக்கலாம். வழியில் இரண்டு வார்த்தை பேசுங்கள். மலையைப் பற்றி எந்தப் பலகையிலும் இல்லாத செய்தி கிடைக்கும்.

விளிம்புக்கு அருகே போய்த் தற்படம் எடுக்காதீர்கள். தவறி விழுந்தவர்கள் இருக்கிறார்கள். பிள்ளைகளின் கையை விடாதீர்கள். மூட்டம் திடீரென மூடினால் நின்ற இடத்திலேயே நின்று, சற்று விலகியதும் பாதைக்குத் திரும்புங்கள்.

மூட்டம் மூடி ஒன்றுமே தெரியாமல் போனால்?

அரை மணி நேரம் காத்திருங்கள், சில வேளை விலகும். விலகாவிட்டாலும் காட்டுப் பகுதி மூட்டத்தில்தான் முழு அழகோடு இருக்கும்.

சிறு பிள்ளைகள், வயதானவர்கள் வரலாமா?

ஏழு, எட்டு வயதுப் பிள்ளைகள் பெரியவர்களைவிட நன்றாக நடப்பார்கள். கைக்குழந்தையோடு போவதை நான் விரும்புவதில்லை. குளிர்காற்று நேரே முகத்தில் அடிக்கும். இதய நோய், ஆஸ்துமா உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்டுவிட்டு வாருங்கள். கடல் மட்டத்திலிருந்து ஒரே நாளில் இவ்வளவு உயரம் ஏறுவதால் நலமானவர்களுக்கும் முதல் அரை மணி நேரம் மூச்சு சற்று வாங்கும். நீண்ட தூரம் நடக்க முடியாத அம்மம்மா, அப்பப்பாமார் ஃபார் இன் அருகிலேயே இருந்து புல்வெளியையும் மரைகளையும் பார்க்கலாம்.

கட்டணம்?

உள்நாட்டவருக்குக் குறைவு. அது அவ்வப்போது மாறும். தேசிய அடையாள அட்டையை மறக்காமல் எடுத்துச் செல்லுங்கள். கனடாவிலோ லண்டனிலோ இருந்து வந்த உறவினரிடம் வெளிநாட்டுக் கடவுச்சீட்டு மட்டுமே இருந்தால் அவர்களுக்கு வெளிநாட்டவர் கட்டணம். அது பல மடங்கு அதிகம் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நடை முடிந்து அன்றே ஊர் திரும்பலாமா?

பத்தரை, பதினொரு மணிக்கு வளையத்தை முடித்தால் இரவு திருகோணமலை சேர முடியும். ஆனால் ஹபரணைக்குப் பிறகு வரும் யானை வீதி இருட்டில் சிக்கிவிடும். அதனால் கண்டியிலோ மாத்தளையிலோ உறவினர் வீடு இருந்தால் இரவு அங்கே தங்குங்கள். இல்லாவிட்டால் தம்புள்ளையில் தங்கி, விடிந்ததும் புறப்படுங்கள். காலை உணவுக்குக் கந்தளாயில் நிறுத்தி, குளக்கட்டில் ஏறி ஒருமுறை நீரைப் பார்த்துவிட்டு வரலாம்.